பிள்ளைகள் தேர்ந்தெடுத்த வீடு

கோவில்பட்டி
12-2-1983

கனம் பொருந்திய மச்சான் வேதமுத்து குருவானவர் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை நேசக்கனியின் புருஷன் குருபாதம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உங்கள் தங்கையும் பிள்ளைகள் இருவரும் சுகம். அங்கே தங்கள் சுகமும் அக்காள் சுகமும் அறிய ஆவல். மழைதான் இல்லை.

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் செய்த தர்ம காரியத்தைக் கேள்விப்பட்டு மனம் பூரித்ததாகவும், இல்லாதவர்களுக்குக் கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி என்று நான் மணியாச்சிக்கு வந்து உங்கள் சபை ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்களிடம் சொன்னவர் யாரோ பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். மீதியை வேறொருவர் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன், படித்துவிட்டு அக்காளிடம் காட்ட வேண்டாம்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஈகையைப் பற்றி வேதக் கதையோடு பாடம் எடுத்தேன். கொடுப்பதை வெளியே சொல்லக்கூடாது, வாங்குகிறவர் தலை குனியும்படி கொடுக்கக்கூடாது, ஆளுக்கு ஒரு கைப்பிடி தானியம் வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்து, நிஜமாகவே கஷ்டப்படுகிற ஒரு வீட்டை நீங்களே கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், எந்த வீடு என்று என்னிடம்கூடச் சொல்லக்கூடாது என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்கிறவர் வீட்டில்தான் அடுப்பு எரியாமல் கிடக்கும், ஆகையால் அவர் பேச்சைக் காதில் வாங்காமல் உள்ளே வைத்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. பிள்ளைகள் கண்ணைத் துடைத்தார்கள். நல்ல பாடம் எடுத்தோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் எடை போடும் குமாஸ்தாவாக இருந்த பருத்தி அரவை ஆலையை அக்டோபரிலேயே பூட்டிவிட்டார்கள். கரிசல் முழுக்கப் பருத்தி கருகிப்போன வருஷத்தில் எதை அரைப்பது. பெண் கேட்டு வந்தபோது ‘நிலையான வேலைதானே’ என்று நீங்கள் கேட்டதும், ‘ஆலை இருக்கிறவரை நான் இருப்பேன்’ என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதும் நினைவுக்கு வந்ததால் உங்களுக்கு எழுதவில்லை. தெருவிலும் சொல்லவில்லை. தினமும் தேய்த்த சட்டை போட்டு, காலித் தூக்குச்சட்டியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய், ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து யாரோ போட்டுவிட்டுப் போன பழைய பேப்பரைப் படித்துவிட்டுச் சாயங்காலம் ஆலையிலிருந்து வருகிறவன் மாதிரி களைத்துப்போய் வருவேன். களைப்பு மட்டும் உண்மை.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் பாட்டு கூத்து இல்லாமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே அமைதியாக ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு வந்து நின்றார்கள். துணைக்குக் கூப்பிட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

“எந்த வீடு? வாங்க, போவோம்.”

“வந்தாச்சு சார்,” என்றாள் கிளாடிஸ். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் செல்வமணியின் மகள், வகுப்பில் பெரியவள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. எதிர்வீட்டுக் கொம்பையா ஆடு மேய்க்கிறவர், இந்தப் பஞ்சத்தில் பாதி ஆட்டை விற்றுவிட்டவர். அவர் வீடுதான் என்று நானே முடிவுகட்டி, “சத்தம் போடாமப் போங்க, அவரு ரோசக்காரரு,” என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கையைக் காட்டினேன். கொம்பையா அங்கே ஆட்டுக்கு ஒடித்த தழையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் எனக்காகத்தான் கதவைச் சாத்தினார் என்பது மூட்டை என் வீட்டு நடையில் இறங்கியபோதுதான் புரிந்தது.

“இங்கன எதுக்கு வைக்கிய? எனக்கு வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போங்க,” என்றேன்.

“வேண்டாம்னு சொல்லுதவியளுக்குத்தான் ரொம்பத் தேவைன்னு நீங்கதான சார் சொன்னீங்க,” என்றாள் கிளாடிஸ்.

“அது மத்தவங்களுக்குச் சொன்னது.”

அவள் மற்றப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். “ஓடுங்கலே,” என்றாள். எல்லாரும் ஓடிவிட்டார்கள்.

நான் அப்படியே விட்டிருந்தால் அவமானம் நடையோடு நின்றிருக்கும். மூட்டையைத் தூக்கிச் சைக்கிளில் கட்டினேன். பஸ் ஸ்டாண்டுக்குத் தெற்கே வெயிலம்மாள் என்று ஒரு விதவை, வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிறவள், அவளுக்குக் கொடுத்துவிட்டால் காரியமும் நடந்தது, என் மானமும் தப்பியது என்று கணக்குப் போட்டு மிதித்தேன். பஸ் ஸ்டாண்டு முன்னால் மூட்டை சைக்கிள் கம்பியில் உரசிக் கிழிந்து, அரிசியும் கம்பும் சோளமும் ஒன்றாகத் தார் ரோட்டில் கொட்டியது. கயத்தாறு பஸ் நின்றது, கண்டக்டர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு இறங்கி வந்து கூட்டி அள்ளினார். டீக்கடையிலிருந்து ஒருவர் சாக்கு கொண்டுவந்து பிடித்துக்கொண்டே, “பிள்ளைக உங்களுக்குன்னு கேட்டு வாங்குனதுல்லா, பாத்துக் கொண்டு போங்க அண்ணாச்சி,” என்றார். சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. மச்சான், நான் மறைத்து வைத்திருந்தது ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஆலை பூட்டியது தெரிந்திருக்கிறது, ரயில் நிலையத்து பெஞ்சும் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்காமல் இருந்தது என் சாமர்த்தியத்தால் அல்ல.

வெயிலம்மாள் மூட்டைக்குள் கையை விட்டு அளைந்து பார்த்தாள். “இதுல நான் போட்ட கம்பும் கெடக்கு. போட்டதைத் திருப்பிக் கொண்டாந்தா என்ன அர்த்தம்? எங்க வீட்டுக் கம்பு உங்களுக்கு ஆகாதோ?” என்று கேட்டாள். அவள் கோபத்தில் கேட்கவில்லை, வருத்தத்தில் கேட்டாள். சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன். உங்கள் தங்கை மூட்டையை வாங்கி, மண்ணைப் புடைத்து, கல் பொறுக்கி உலை வைத்தாள். நான் சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்தேன். பிறகு எழுந்து சாப்பிட்டேன். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் வகுப்பில் ஜெபத்துக்கு முன்னால், “என் வீடுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன். எல்லாரும் கிளாடிஸைப் பார்த்தார்கள். அவள் எழுந்து தரையைப் பார்த்துக்கொண்டு, “சார், நீங்க கதை சொல்லும்போது சாப்பாடு வார இடத்துல மட்டும் நிறுத்தி எச்சில் முழுங்குனீங்க,” என்றாள். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஜெபத்தை என்னால் முடிக்க முடியாமல் அவளே முடித்துவைத்தாள்.

ஆகவே மச்சான், கொடுப்பதைப் பற்றிப் பேச நான் லாயக்கானவன் இல்லை, வாங்கிக்கொள்ளக்கூட எனக்கு ஒழுங்காகத் தெரியவில்லை. மணியாச்சிக்கு வர இயலாது. ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பையும் விட்டுவிடுவதாக இருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் பணமோ பண்டமோ ஒன்றும் அனுப்பக்கூடாது. அனுப்பினால் வந்த ரயிலிலேயே திருப்பி அனுப்புவேன். நாங்கள் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அக்காளுக்கு என் அன்பும், குழந்தைகளுக்கு என் முத்தங்களும், தங்கள் சபையார் யாவருக்கும் என் ஸ்தோத்திரங்களும். தங்கள் ஜெபத்தில் என் பேரைச் சொல்லாமல் நினைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தாழ்மையுள்ள
குருபாதம்

பின்குறிப்பு: அண்ணனுக்கு நேசக்கனி எழுதுதேன். ஒட்டித் தபால்ல போடச் சொல்லி அவிய இதை எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்காவ. பிள்ளைக முதல்ல வந்தது எங்கிட்டத்தான். எந்த வீட்டுல ரொம்பக் கஷ்டம் அக்கான்னு கேட்டுச்சுக. யாரு வீட்டையாவது சொல்லுவோம்னுதான் வாயத் தொறந்தேன். நம்ம வீட்டைச் சொல்லிட்டேன். சொல்லிட்டு அடுக்களைக்குள்ள போயி முந்தானைய வாயில வச்சுக்கிட்டு நின்னேன். நான் சொன்னேன்னு யாருட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன், அதுக இன்னைக்கு வரைக்கும் சொல்லல. எச்சில் முழுங்குன சங்கதி கிளாடிஸ் தானாச் சொன்னது, அது எனக்கே தெரியாது. ஒண்ணும் அனுப்பாண்டாம்னு அவிய எழுதுனது சரிதான், அனுப்புனாத் திருப்பித்தான் விடுவாவ. அதனால அனுப்பாதீங்க. நீங்களும் மதினியும் விருந்துக்கு வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போங்க. வரும்போது அரிசி மட்டும் ஒரு மாசத்துக்குக் கொண்டு வாங்க.