மடியில் உருகிய பனியாறு

எனக்குப் பதற்றம் வந்தால் வாயில் பாடம்தான் வரும். எதிரில் இருப்பவர் என்ன கேட்டார் என்பதெல்லாம் பிறகுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. தலைப்பு: மலைப் பனியாறுகளும் பழங்காலத் தட்பவெப்பமும். ஏற்கெனவே இரண்டு பள்ளிகள் 'சொல்லி அனுப்புறோம்' என்று அனுப்பிவைத்திருந்தன. இதுவும் போனால் தம்பியோடு பேண்டேஜ் கம்பெனியில் பொட்டலம் போடப் போக வேண்டியதுதான் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஆகவே, படம் காட்டாமல் பனியாற்றையே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். (இருபத்து நான்கு வயதில் அடக்கம் என்பது என்னிடம் கிடையாது.) தூக்குவாளியில் கொஞ்சம் தண்ணீர், அது உறைந்ததும் மேலே செம்மண், கூழாங்கல், மறுபடி தண்ணீர். மூன்று நாள் ஃப்ரீசரில் வேறு எதற்கும் இடமில்லை.

இராஜபாளையத்தில் எதைச் சுற்றுவதற்கும் முதலில் கைக்கு வருவது பேண்டேஜ் துணி. வாளியிலிருந்து எடுத்த பனிக்கட்டியைத் தம்பி பஞ்சு வைத்துக் கச்சிதமாகக் கட்டினான்.

"எக்கா, சாயங்காலம் வரைக்கும் உருகாது. தைரியமாப் போ."

பாலிதீன் பை என்ற ஒன்று உலகத்தில் இருப்பது இருவருக்குமே நினைவுக்கு வரவில்லை.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் மூடினேன். ஊரைத் தாண்டியதும் சொட்டத் தொடங்கியது, சிவப்பாக.

பக்கத்தில் இருந்த அக்கா பார்த்துவிட்டார். "ஏட்டி, பிள்ளைக்கு என்னாச்சு?"

"பிள்ளை இல்லக்கா, பனியாறு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சே" என்று என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். விளக்கினால் புரியும் என்று, பனி மலையிலிருந்து கல்லையும் மண்ணையும் இழுத்துவரும் விதத்தைச் சொன்னேன். பஸ்ஸே உச்சுக்கொட்டியது.

"அண்ணே, எங்கயும் நிறுத்தாம ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றார் கண்டக்டர்.

அங்கே துணிப்பொதியை என் கையிலிருந்து பிடுங்கி நர்ஸிடம் கொடுத்தார்கள். சீட்டு எழுதுபவர், "வயசு எம்புட்டு?" என்று கேட்டார்.

"இருபதாயிரம் வருஷம்" என்றேன். (கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த காலம். விடை சரிதான்.)

நர்ஸ் கட்டை அவிழ்த்தார். ஒரு பிடி சேறும் சில கூழாங்கற்களும் இருந்தன. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "டாக்டர் வந்துருவாரு, நீங்க செத்த நேரம் உக்காருங்க" என்றார், நோயாளி யார் என்று தெரிந்துகொண்டவராக. நான் சேற்றோடு கற்களை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

பள்ளிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத் தாமதம். சேலையெல்லாம் செம்மண்.

"பனியாறு கொண்டாறதாச் சொன்னீங்களே, எங்கம்மா?" என்றார் தலைமையாசிரியை.

"உருகிருச்சு மேடம்."

வேறு வழியில்லாமல் கல்லையும் சேற்றையும் மேசையில் கொட்டினேன்.

"அந்தக் காலத்துப் பனியாறும் இப்படித்தான் மேடம். உலகம் சூடானதும் உருகிப் போயிருச்சு. அது எதுவரைக்கும் வந்துச்சுன்னு, போட்டுட்டுப் போன கல்லையும் மண்ணையும் வச்சுத்தான் கண்டுபிடிக்கிறாங்க."

அவர் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார், பிறகு என் சேலையைப் பார்த்தார்.

"வேலைக்கு வாங்க. இனிமே எதுவானாலும் தெர்மாகோல்ல செய்யுங்க."

அங்கேதான் இன்றும் பாடம் நடத்துகிறேன். கல்யாணமாகி ஒரு மகனும் இருக்கிறான். விசேஷ வீடுகளில் அவனைக் காட்டி, "இதான் தலைப்பிள்ளையா?" என்று யார் கேட்டாலும் நான் வாய் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொள்வான்.

"இல்ல, ரெண்டாவது. மூத்தது பஸ்லயே உருகிருச்சு."