ஊர்க்காரர் கூட இருக்கையில்

"பச்சை கேட்டு வூடுதான் நைனா. தொறந்துதான் கீது. உள்ள போயி குந்து," என்று பக்கத்து வீட்டுப் பெண் துணி உலர்த்தியபடியே சொன்னாள்.

கோபாலகிருஷ்ணன் கேட்டருகே நின்று ஜான்சனின் எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து மணி அடித்தது. சரியான இடம்தான். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வழுக்கை, நரைத்த மீசை, கொஞ்சம் தொப்பை. வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும். எனக்காகத்தான் இப்படி உடுத்தியிருக்கிறான் என்று கோபாலகிருஷ்ணன் நினைத்துக்கொண்டார்.

உட்கார்ந்திருந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சட்டென்று எழுந்தார்.

"மச்சான்?"

"மச்சான்," என்றார் கோபாலகிருஷ்ணன்.

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாருடைய மூக்குக்கண்ணாடி யாருடைய காதில் மாட்டியது என்று பிரித்தெடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஆளே மாறிட்டியேடா. வழியில பாத்திருந்தா அடையாளமே தெரிஞ்சிருக்காது."

"நீ மட்டும் என்ன? அந்தச் சுருட்டை முடியெல்லாம் எங்க போச்சு?"

நண்பர் தலையைத் தடவிக்கொண்டு, "எனக்குச் சுருட்டையா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நாற்பது வருஷம். கல்பாக்கத்து அணுமின் நிலையத்துக்குப் பயிற்சிக்கு வந்த கோபாலகிருஷ்ணனுக்கு அங்கே ஃபிட்டராக இருந்த ஜான்சன்தான் முதல் சிநேகிதன். வெளியூர்ப் பையன்கள் யார் வந்தாலும் அவன்தான் சேர்த்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரே சைக்கிளில் அவன் ஊரான மாமல்லபுரம். அப்புறம் ராஜஸ்தானுக்கு மாற்றல், கல்யாணம், குழந்தை என்று தொடர்பு விட்டுப்போனது. போன மாதம்தான் யாரோ எண் கொடுத்தார்கள். "சனிக்கெழம வா மச்சான். எங்க வூட்டுக்காரி ரெஜினா கையால சாப்ட்டுட்டுதான் போவணும்," என்று ஜான்சன் போனில் கத்தினான்.

இன்னும் இரண்டு வாரத்தில் கோபாலகிருஷ்ணனுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அதற்கு முன்னால், சொந்த முட்டியோடு, ஜான்சனோடு மாமல்லபுரத்தை ஒருதரம் நடந்து பார்த்துவிட வேண்டும். "யூட்யூப்ல பாத்துக்கக் கூடாதாப்பா?" என்று மகள் சுஷ்மிதா கேட்டாள். அப்புறம் அவளே செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து டாக்ஸியும் ஏற்பாடு செய்து கொடுத்தாள்.

"வூட்ல யாரும் இல்லையா?" என்று கோபாலகிருஷ்ணன் அந்த ஊர்ப் பேச்சைப் பேசிப் பார்த்தார்.

"யாரையும் காணோம். கடைக்குப் போயிருப்பாங்க."

"அப்ப வா, ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்."

"அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்கேன்," என்றார் நண்பர்.

கேட்டைத் தாண்டியதும் இருவரும் நின்றார்கள்.

"எந்தப் பக்கம்?"

"நீ சொல்லு."

"உன் இஷ்டம் மச்சான்."

நண்பர் சற்றுத் தயங்கி இடதுபுறம் திரும்பினார். கோபாலகிருஷ்ணன் நிம்மதியாகப் பின்தொடர்ந்தார். ஊர்க்காரன் கூட இருக்கும்போது என்ன கவலை.

சந்து சந்தாகப் போனது. உளிச் சத்தம் நெருங்கியது. கடைசியில் வழி ஒரு சிற்பக்கூடத்தின் கொல்லையில் போய் முட்டியது. இருபது பிள்ளையார்களும் தலை முளைக்காத ஒரு புத்தரும் அவர்களைப் பார்த்தார்கள். கல்தூசி அப்பியிருந்த சிற்பி உளியைக் கீழே வைத்தார்.

"வாங்க அண்ணாத்த. செலை வூட்டுக்கா, கோயிலுக்கா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜான்சன் வேண்டுமென்றேதான் இங்கே கூட்டிவந்திருப்பான், அந்தக் காலத்திலும் இப்படித்தான் விளையாடுவான் என்று கோபாலகிருஷ்ணன் நினைத்தார். நாமும் சளைக்கக் கூடாது என்று, "கோயிலுக்கு," என்றார்.

"எத்தினி அடி?"

"ஆறு," என்றார் நண்பர், சளைக்காமல்.

சிற்பி ஆறடிக் கல்லை அளந்து எடுக்க, கல் அடுக்கியிருந்த பக்கம் கிளம்பினார். இருவரும் மெல்லப் பின்வாங்கி, வேலியிலிருந்த இடைவெளியில் நுழைந்து தப்பித்தார்கள். நண்பரின் வேட்டி முள்ளில் கிழிந்தது. கோபாலகிருஷ்ணனின் முட்டி கடகடத்தது. இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளாமல் சிரித்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு. பஞ்சாபி ரொட்டிக் கடை, மசாஜ் நிலையம், சங்கு மாலை விற்பவர்கள், ஆரஞ்சுப் பைஜாமா போட்ட வெள்ளைக்காரர்கள். பழைய டீக்கடை இருந்த இடம் என்று கோபாலகிருஷ்ணன் நம்பிய இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை இருந்தது.

"இங்கதானேடா நாம பஜ்ஜி திம்போம்?"

"ஆமா, ஆமா," என்றார் நண்பர், கதவை மேலும் கீழும் பார்த்தபடி.

காபியின் மேல் நுரையில் இலை வரைந்து கொடுத்தார்கள். கலைக்க மனமில்லாமல் இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கல்பாக்கத்துலேருந்து இங்க வர்றதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடும்," என்றார் நண்பர். "எல்லா வாரமும் நான்தானே மிதிப்பேன். நீ பின்னால சொகுசா உக்காந்து பாட்டு பாடிக்கிட்டு வருவ."

"நான் பாடினேனா? மிதிச்சதே நான்தான். பாடினது நீ."

"மச்சான், எனக்குப் பாடவே வராது."

"அது அப்பவே தெரியும். அதான் பொறுக்க முடியாம வேகமா மிதிப்பேன்."

வயசானால் ஞாபகம் இப்படித்தான் மாறிப்போகும் என்று கோபாலகிருஷ்ணன் விட்டுக்கொடுத்தார். நண்பரும் ஏதோ விட்டுக்கொடுத்த முகத்தோடுதான் காபியைக் குடித்தார்.

"பேச்செல்லாம் ஆபீசர் மாதிரி ஆயிடுச்சு உனக்கு," என்றார்.

"உனக்கும்தான்."

கூட்டத்தோடு கூட்டமாக நடந்ததில் அர்ச்சுனன் தபசு தானாகவே எதிரில் வந்தது. பாறை முழுக்க யானைகள், முனிவர்கள், தவம் செய்கிற பூனை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு கைடு ஓடிவந்தார்.

"கைடு வேணுமா சார்? தமில், இந்தி, பிரெஞ்சு, அல்லாம் பேசுவேன்."

"ஊர்க்காரங்களுக்கே கைடா?" என்றார் நண்பர். கோபாலகிருஷ்ணன் பெருமையாகத் தலையாட்டினார். கைடு இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அதற்கு மேல் முட்டி ஒத்துழைக்கவில்லை. நண்பரும் ஒரு தூணைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கலங்கரை விளக்கம் வரைக்கும் வண்டியில் போகலாம் என்று ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். எங்கே இறங்குவதென்று மற்றவர் சொல்லுவார் என்று இருவரும் இருந்தார்கள். கடைகள் முடிந்து சவுக்குத் தோப்பு வந்தது. தோப்பு முடிந்து முதலைப் பண்ணை வந்தது. அதுவும் போனது.

"எங்க எறங்கணும்னு சொல்லவே இல்லியே," என்று ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னாபா, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துகினு கீறீங்க? கோவளமே வந்துச்சி."

"கோவளம்தான்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கோவளம் கடற்கரையில் படகுகள் ஏறியிருந்தன. ஒரு படகின் நிழலில் மணலில் உட்கார்ந்தார்கள். எழுந்திருப்பது எப்படி என்பது அப்புறம் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

"என் சம்சாரம் ராஜம் போயி ஒன்றரை வருஷமாச்சு," என்று கோபாலகிருஷ்ணன் அலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னமும் காலையில ரெண்டு டம்ளர்தான் எடுத்து வெக்கிறேன். சுஷ்மிதாகிட்ட சொன்னா அழுவா. யார்கிட்டயும் சொன்னதில்ல."

நண்பர் அவர் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் கதையும் அதேதான்," என்றார். "வீட்ல டிவிகிட்டதான் பேசறேன். நியூஸ் வாசிக்கிற பொண்ணு வணக்கம்னா நானும் வணக்கம்ங்கறேன்."

ரெஜினாவோடு சண்டையா என்று கேட்கக் கோபாலகிருஷ்ணனுக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் ஒரு கேள்வி கேட்காமல் கையைப் பிடித்துக்கொள்ள ஜான்சனால்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு மனசு லேசாகியிருந்தது. பசிகூட எடுத்தது.

ஒரு மீனவர் இருவரையும் ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்தினார். திரும்பி வந்த பஸ் ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டது. அங்கிருந்து மூன்று தடவை தவறான சந்தில் நுழைந்து, மூன்று தடவையும் "இந்த ஊரே மாறிப்போச்சு மச்சான்" என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு, ஒருவழியாகப் பச்சை கேட்டைக் கண்டுபிடித்தார்கள்.

வாசலில் முந்தானையால் கையைத் துடைத்தபடி ஒரு அம்மாள் தெருவைப் பார்த்து நின்றிருந்தார். ரெஜினாவாகத்தான் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து குழம்பு வாசனை வந்தது.

"வணக்கம்மா," என்றார் கோபாலகிருஷ்ணன்.

"வணக்கம்மா," என்றார் நண்பரும்.

கோபாலகிருஷ்ணன் மெல்லத் திரும்பி நண்பரைப் பார்த்தார். நண்பரும் அவரைப் பார்த்தார்.

"வாங்க, வாங்க," என்றார் ரெஜினா, அவர்களைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தபடி. "எங்க வூட்டுக்காரரு எங்க? ஒங்க ரெண்டு பேரையும் இட்டாறேன்னு காலைலயே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாரே, பாக்கலியா?"