அரை சேர் மிளகு

“மிளகு அரை சேர். சுக்கு அரை சேர். தேன் சேர். கிண்டு,” என்று சொல்லிவிட்டு மாமனார் போனை வைத்துவிட்டார். எப்போதும் தந்தி பாஷைதான். மருந்துக்கடை வைத்திருந்த மனிதர். அவரிடம் உபரியாக ஒரு வார்த்தை மருந்துக்கும் கிடைக்காது.

மாப்பிள்ளைக்குக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகம். ஊரில் அவர் பெயரே ‘தராசு’ என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையாவது எடைக்கல் எதுவும் கண்ணில் படாமல் படுத்துக் கிடக்கலாம் என்றிருந்தார். விதி விட்டால்தானே.

மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள். தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்க மறுநாள் காலையில் குரல் தேர்வு. அவளுக்கோ நேற்றிலிருந்து தொண்டை கட்டி, ஓயாத இருமல்.

“ஏங்க, அரை சேர்னா எவ்வளவு?” என்று கரகரத்தாள்.

“நூத்தி நாப்பது கிராம். இதுகூடத் தெரியாமலா உத்தியோகம் பாக்கறேன்?”

டப்பாவில் இருந்த மிளகு ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. கடைக்குப் போய் வந்தார். வாங்கியதைக் கொட்டும்போதுதான் சந்தேகம் வந்தது. இது எந்தச் சேர்? ஓய்வுபெற்ற மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

“மாமனார் ஊர் மலைப்பக்கமா? அங்கெல்லாம் பெரிய சேர்ப்பா. எண்பது தோலா. அரை சேர்னா நானூத்தி அறுபத்தாறு கிராம் வரும்.”

“கொஞ்சம் அதிகமா இல்லையா சார்?”

“மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்.”

மறுபடியும் கடை. மாமனாரையே கேட்டிருக்கலாம். ஆனால் மத்தியானத் தூக்கத்தில் எழுப்பினால், அந்த வாய் திட்டுவதற்கு மட்டும் வஞ்சனையில்லாமல் திறக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றார் தராசு.

“பொடி பண்ண வேண்டாமாங்க?”

“உங்கப்பா சொல்லலையே.”

சட்டி போதவில்லை. குண்டானுக்கு மாற்றினார். தேன் இறுகிக் கரண்டி மாட்டிக்கொண்டது. தண்ணீர் விட்டார்; பொங்கி அடுப்பு அணைந்தது. வீடெல்லாம் நெடி. மாடி வீட்டுக்காரர் தும்மிக்கொண்டே எட்டிப் பார்த்து, “என்ன சார், பூச்சி மருந்தா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி விழுங்கினாள். இருமல் நின்றது. குரலும் நின்றது. வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

தராசுக்கும் அழுகை முட்டியது. ‘மூணு வருஷமா இந்த வேலை நிரந்தரமாகணும்னு காத்திருந்தா. நானே கெடுத்துட்டேனே’ என்று தலையில் அடித்துக்கொண்டார். நடப்பது நடக்கட்டும் என்று போனை எடுத்தார். மறுமுனையில் மாமியார்.

“அத்தை, மாமா சொன்னது பெரிய சேரா, சின்னச் சேரா?”

“சேரா? நான் பக்கத்துலதானே இருந்தேன், அவரு எடையே சொல்லலையே மாப்பிள்ளை. மிளகை அரை, சேர். சுக்கை அரை, சேர்னுதானே சொன்னாரு.”