தூண்டிலில் மாட்டிய நெத்திலி

"அப்பா மீன் பிடிக்கிறத நானும் வந்து பாக்கணும்."

மகள் கேரன் இப்படிச் சொன்னபோது கிளாரன்ஸ் வாயில் பாதித் தோசை இருந்தது. அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நடுவில் நின்று யோசித்தது.

"எதுக்கும்மா? ஒரே வெயிலு. கொசு வேற."

"டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்ப்பா. கெடா மாநிலத்துலயே எங்கப்பாதான் பெரிய மீனா பிடிப்பாருன்னு. லீவு முடிஞ்சு போனதும் அதைப் பத்தி நான் பேசணுமாம்."

"எனக்கும்!" என்றான் நான்கு வயது மார்க்கஸ். என்ன வேண்டும் என்று அவனுக்கே தெரியாது. அக்காள் எதைக் கேட்டாலும் அவனுக்கும் அதில் ஒன்று வேண்டும்.

அடுப்படியிலிருந்து அக்னஸ் தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல யோசனைலா! மே மாச லீவு விட்டு நாலு நாளாச்சு, பிள்ளைங்க டிவியத் தவிர ஒன்னும் பாக்கல. நாலு பேருமா கோலா மூடா கடல்கரைக்குப் போவோம். நான் நாசி லெமாக் கட்டிக்கிறேன். பாய் எடுத்துக்குவோம், பந்து எடுத்துக்குவோம். என்னாங்க, சரிதானே?"

வாயில் தோசை வைத்திருக்கிற மனுஷன் என்ன செய்வான்? தலையை ஆட்டினான். ஆட்டி முடித்த பிறகுதான் அந்தத் தலைக்கு என்ன ஆபத்து வந்திருக்கிறது என்று புரிந்தது.

விஷயம் இதுதான். கிளாரன்ஸுக்குக் கரங்கான் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மெக்கானிக் வேலை. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் லீவு. வெள்ளிக்கிழமை முழுக்க அக்னஸின் ஆட்சி. புல் வெட்டு, குழாயைப் பார், கூரை ஒழுகுது ஏறு, அலமாரிக் கதவு கழன்றது இறங்கு. சனிக்கிழமை ஒன்றுதான் கிளாரன்ஸுக்குச் சுதந்திர தினம். காலையில் தூண்டிலைத் தோளில் சாத்துவான். "மீன் பிடிக்கப் போறேன்" என்று அறிவிப்பான். கூட்டாளி மனோகரனின் காடியில் ஏறிப் பறந்துவிடுவான். சாயங்காலம் முழங்கை நீளத்துக்கு ஒரு மீனோடு ராஜா மாதிரி வந்து இறங்குவான்.

இதில் தூண்டில் உண்மை. மனோகரன் உண்மை. மீனும் உண்மை. பிடித்ததுதான் பொய்.

கோத்தா கோலா மூடாவில், மூடா ஆறு கடலில் கலக்கிற இடத்தில், கிளாரன்ஸ் ஒரு வருஷமாகப் பிடித்தது ஒட்டுக்கடையில் ஒரு நாற்காலியைத்தான். ஒரு தே தாரேக் டீ, ஒரு தட்டு மீ ஊடாங் என்கிற இறால் நூடுல்ஸ், அப்புறம் சவுக்கு மரத்தடியில் ஒரு தூக்கம். பக்கத்தில் தூண்டிலும் அவனைவிட நிம்மதியாகத் தூங்கும். படகுகள் கரைக்கு வரும் நேரம் எழுந்து, முகம் கழுவி, பாசார் பிசிக்குக்கு நடப்பான்.

பாசார் பிசிக் என்றால் கிசுகிசுச் சந்தை. படகில் வந்த மீனைக் கூடையோடு தரையில் வைப்பார்கள். சுற்றி ஆட்கள் கூடுவார்கள். கூச்சல் கிடையாது, கூவி ஏலம் விடுவது கிடையாது. வாங்குகிறவர் ஒவ்வொருவராகப் போய், விற்கிறவரின் தோளில் கை போட்டு, காதில் மட்டும் விலையைச் சொல்ல வேண்டும். அவர் எல்லாருடையதையும் கேட்டுக்கொள்வார். யார் அதிகம் சொன்னாரோ அவரைப் பார்த்துத் தலையாட்டுவார். யார் என்ன சொன்னார் என்பது அந்தக் காதுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். மாதா கோயிலில் பாதிரியார் காதில் சொல்லும் பாவசங்கீர்த்தனம் மாதிரி.

பொய் சொல்லி மீன் வாங்குகிறவனுக்கு இதைவிடத் தோதான சந்தை உலகத்தில் எங்கே கிடைக்கும்?

இப்போது அந்தச் சுதந்திர தினத்துக்கே குண்டு வைத்துவிட்டாள் மகள். கிளாரன்ஸ் வீட்டுக்குப் பின்னால் போய், துணி காயப்போடும் கம்பிக்கு அடியில் நின்று மனோகரனுக்குப் போன் போட்டான்.

"மனோ, மாட்டிக்கிட்டேன்டா. குடும்பத்தோட வராங்களாம்."

"எங்க?"

"மீன் பிடிக்கிறத பாக்க!"

மறுமுனையில் வெகுநேரம் சிரிப்புதான் வந்தது. "நான் வரல லா. எனக்குக் காய்ச்சல்."

"எப்பருந்து?"

"இப்பருந்து. இந்தா பாரு, பிள்ளைங்க சத்தம் போட்டா மீனு ஓடிரும்னு சொல்லு. அவங்கள கடல்கரையில உக்கார வச்சிட்டு நீ மட்டும் தூண்டிலத் தூக்கிட்டு ஆத்துப் பக்கம் போ. படகு வந்ததும் வழக்கம்போல காதுல ஓது. மீன வாங்கி, வாயில முள்ள மாட்டி, தண்ணியில ஒரு முக்கு முக்கிக் கொண்டு வா. முடிஞ்சுது கதை."

கிளாரன்ஸுக்கு உயிர் வந்தது. கூட்டாளி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

சனிக்கிழமை விடிவதற்குள் வீடு திருவிழா ஆகிவிட்டது. அக்னஸ் தேங்காய்ப்பால் சோறு வடித்து, நெத்திலி சம்பல் கிண்டி, வாழையிலையில் பொட்டலம் போட்டாள். ஐஸ் பெட்டி, பாய், பந்து, மாற்றுத் துணி என்று ஏற்றியதில் பழைய சாகா காடியில் இடமே இல்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அக்கா வேலி மேல் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"என்னா அக்னஸ், வீடு மாறிப் போறீங்களா?"

"இல்லக்கா, அவரு மீன் பிடிக்கிறத பாக்கப் போறோம்!"

"ஓ, அப்படியா?" என்று புஷ்பவள்ளி கிளாரன்ஸை ஒரு பார்வை பார்த்தாள். "எங்களுக்கும் ஒன்னு பிடிச்சிட்டு வா தம்பி. சின்னதா இருந்தாலும் பரவால்ல."

வழியெல்லாம் கொண்டாட்டம். வயலில் தண்ணீர் நின்றால் கத்தல். கொக்கு பறந்தால் கத்தல். எருமை தலை திருப்பினால் நால்வரில் மூவர் கத்தல். பிள்ளைகளைவிட அக்னஸ்தான் அதிகம் கத்தினாள். கடல் தெரிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூவரும் ஓடினார்கள். ஆற்றோரச் சேற்றில் குட்டி மீன்கள் துடுப்பை ஊன்றித் துள்ளித் துள்ளிப் போயின.

"அம்மா! மீனுக்குக் காலு இருக்கு!" என்று கேரன் அலறினாள்.

"எனக்கும்!" என்றான் மார்க்கஸ்.

கிளாரன்ஸுக்கே ஒரு நிமிஷம் உற்சாகம் தொற்றிக்கொண்டது. அப்புறம் கடமை ஞாபகம் வந்தது. சிவப்புத் தொப்பியை இழுத்து மாட்டினான்.

"இங்க பாருங்க. மீனுக்குச் சத்தம் ஆகாது. நீங்க இங்கயே விளையாடுங்க. நான் ஆத்துப் பக்கம் தனியா போயி பிடிச்சிட்டு வரேன்."

கேரனின் முகம் சுருங்கியது. அவள் அழுவதற்குள் அக்னஸ் முந்திக்கொண்டாள். "அப்பா சொல்றது சரிதான்ம்மா. பெரிய மீனு கூச்சப்படும். நீங்க போங்கங்க. அவசரமே இல்ல. நல்லா நேரம் எடுத்துக்குங்க."

இவ்வளவு நல்ல பெண்டாட்டியா எனக்கு என்று கிளாரன்ஸ் மனம் உருகிப்போனான். உருகிய மனத்தோடு நேராக ஒட்டுக்கடைக்குப் போய், மீ ஊடாங் சாப்பிட்டுவிட்டு, மரத்தடியில் சாய்ந்தான்.

படகுகள் வந்தன. கிளாரன்ஸ் முகம் கழுவிக்கொண்டு சந்தைக்குள் நுழைந்தான். வழக்கமாக மீன் கொடுக்கும் பாக் மாட் கூடை கூடையாக வைத்து நின்றார். முதல் கூடையில் ஒரு சியாக்காப், அதாவது கொடுவா மீன், பளபளவென்று, பார்த்தாலே தூண்டிலில் சண்டை போட்டுத் தோற்ற மாதிரி ஒரு முகம். கிளாரன்ஸ் அவர் தோளில் கை போட்டுக் காதில் விலை சொன்னான்.

பாக் மாட் தலையை இடவலமாக ஆட்டினார்.

கொஞ்சம் ஏற்றிச் சொன்னான். ஆட்டினார். இன்னும் ஏற்றினான். பாக் மாட்டின் மீசை துடித்தது. ஆனாலும் ஆட்டினார்.

'லீவு நாளு. ஊரே மீன் வாங்க வந்திருக்கு போல' என்று கிளாரன்ஸ் அடுத்த கூடைக்கு மாறினான். செனாங்கின் மீன். கிடையாது. கெளுத்தி. எந்தச் சோம்பேறியும் பிடித்துவிடக்கூடிய கெளுத்தி! அதுவும் கிடையாது. பக்கத்தில் நின்றவர்கள் என்னமோ வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள்.

"பாக் சிக், என்னதான் கொடுப்பீங்க?" என்று கிளாரன்ஸ் கிசுகிசுப்பை மறந்து மலாயில் வாய்விட்டே கேட்டான்.

பாக் மாட் மூலையிலிருந்த ஒரு தொட்டியைக் காட்டினார். உள்ளே நெத்திலி. பச்சை நெத்திலி. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத நெத்திலி.

கிளாரன்ஸ் வேறு ஆளிடம் ஓடினான். அங்கேயும் தலையாட்டல். அடுத்தவரிடம் ஓடினான். அவர் இவன் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையை ஆட்டினார். கூடைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. வெறுங்கையோடு போனால் மகள் டீச்சரிடம் என்ன சொல்வாள்? அக்னஸ் என்ன சொல்வாள்? 'ஒன்னும் கிடைக்கலன்னா எதுக்குங்க சனிக்கிழமை சனிக்கிழமை போறது? வீட்டுக் கூரைக்குச் சாயம் அடிக்கலாம்ல' என்று அல்லவா சொல்வாள்? சாய வாளி கண் முன்னால் ஆடியது.

நெத்திலியை வாங்கினான்.

திரும்பி நடந்துபோகும் வழியெல்லாம் யோசனை. ஒரு நெத்திலியின் வாயில் முள்ளை மாட்டிப் பார்த்தான். முள்தான் பெரிதாக இருந்தது. நெத்திலி முள்ளுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது.

"அப்பா வந்துட்டாரு!" என்று பிள்ளைகள் மணலில் உருண்டு ஓடிவந்தார்கள். கேரன் பையைப் பிடுங்கித் திறந்தாள். கிளாரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"அம்மா! இங்க வந்து பாரு! எவ்வளவு மீனு!"

கண்ணைத் திறந்தான். மகள் முகத்தில் சந்தேகம் இல்லை. ஆனந்தம்தான்.

"எல்லாமே நீங்களாப்பா பிடிச்சீங்க? ஒன்னு ஒன்னாவா?"

"அது... வந்து... ஆமாம்மா. ஒன்னு ஒன்னா."

"தூண்டில்லயா?" என்றாள் அக்னஸ்.

"தூண்டில்லதான். இன்னிக்கு அதுங்க... வரிசையில நின்னுச்சுங்க. போட்டேன், இழுத்தேன். போட்டேன், இழுத்தேன். கை வலி உயிர் போகுது."

"ஐயோ பாவம்," என்று அக்னஸ் அவன் கையைப் பிடித்து நீவிவிட்டாள். "மத்தவங்க அப்பா ஒரு மீனு பிடிச்சாலே பெருமை அடிப்பாங்க. உங்கப்பா ஒரு ஊரையே பிடிச்சிட்டு வந்திருக்காரு பாருங்க. கைதட்டுங்க."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு குடும்பமும் சேர்ந்து கைதட்டியது. கேரன் நெத்திலிகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் குழம்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். கிளாரன்ஸின் நெஞ்சு நிமிர்ந்தது. இந்தத் திறமைக்கு ஆலையில் மெக்கானிக் வேலை எல்லாம் ரொம்பக் குறைச்சல் என்று தோன்றியது. நாசி லெமாக்கை இரண்டு பொட்டலம் சாப்பிட்டான். சம்பலில் இருந்த நெத்திலியை மட்டும் ஒதுக்கி வைத்தான்.

வெயில் தாழ்ந்ததும் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு காடிக்கு நடந்தார்கள். சந்தையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"காக்! அக்கா! உங்க சியாக்காப் ரெடி!"

பாக் மாட் ஓடிவந்து, அக்னஸ் கையில் ஒரு பையைக் கொடுத்தார். கிளாரன்ஸுக்குக் கிடையாது என்று தலையாட்டப்பட்ட அதே மீன். பிள்ளைகள் பந்தின் பின்னால் ஓடியதும் கிளாரன்ஸ் கேட்டான்.

"நீ... எப்ப இங்க..."

"நீங்க ஆத்துப் பக்கம் போனீங்கல்ல, அப்பதான். படகு வரதுக்கு முன்னாடியே, பிள்ளைங்கள வெளிய விளையாட விட்டுட்டு ஒரு நடை வந்தேன். உங்க போட்டோவக் காட்டினேன். 'ஓ, சனிக்கிழமை அபாங்கா, அந்த அண்ணனா!'ன்னு சந்தையே சிரிச்சிச்சு."

"அவரு காதுல என்ன விலை சொன்ன?"

"வரப்போற பெரிய மீனுக்குத்தான் விலை சொன்னேன். உங்களுக்கு ஒன்னே ஒன்னுதான் சொன்னேன். தூண்டில்ல மாட்டாத மீனா பாத்துக் கொடுங்கன்னு."

"அக்னஸ், பிள்ளைங்ககிட்ட மட்டும்..."

"நான் ஏன் சொல்றேன்? அவங்களுக்கு நீங்கதான் ஹீரோ. அப்படியே இருங்க. ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. சொல்லுங்க, கேட்டுக்கிறேன்." முடியை ஒதுக்கிக் காதை நீட்டினாள்.

கிளாரன்ஸ் சுற்றும் முற்றும் பார்த்தான். அவள் தோளில் கை போட்டு, குனிந்து, கிசுகிசுத்தான்.

"மாசத்துல ஒரு சனிக்கிழமை எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போறேன்."

அக்னஸ் தலையை இடவலமாக ஆட்டினாள்.

"ரெண்டு."

ஆட்டினாள்.

"மூனு. ஒன்ன மட்டும் எனக்கு விட்டுரு, ப்ளீஸ்."

அவள் மீன் பையை மெதுவாகக் கேரன் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

"எல்லாச் சனியும்!"

அக்னஸ் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். "பிள்ளைங்களா, ஓடி வாங்க! அடுத்த வாரமும் அப்பா கடலுக்குக் கூட்டிட்டு வராராம்!"

"எனக்கும்!" என்று மார்க்கஸ் குதித்தான். கேரன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். தோற்றாலும் பரவாயில்லை, இத்தோடு நெத்திலி கணக்கு முடிந்ததே என்று கிளாரன்ஸ் காடிக் கதவைத் திறந்தான்.

சந்தை வாசலில் நின்ற பாக் மாட் கையை ஆட்டிக் கத்தினார்: "அபாங்! அடுத்த சனிக்கிழமை பெலாச்சான் அரைக்கிற கூனி இறாலுதான் கிடைக்கும். அரிசி அளவுலதான் இருக்கும். ஒன்னு ஒன்னா பிடிக்கணும், சீக்கிரம் வந்துருங்க. காக் இப்பவே சொல்லி வச்சிட்டாங்க!"