அடுக்கிக் கிடந்த செயலிகளும் ஒரு கழா நோன்பும்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விவாதத்தில் நான் சொன்னதுதான் சரி. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. என் மாமனார் வீட்டில் யாரைக் கேட்டாலும் வேறு மாதிரித்தான் சொல்வார்கள். அவர்கள் ஒரு நோன்பை இழந்தவர்கள். அந்தக் கோபத்தில் பேசுகிறார்கள். நீங்கள் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

விவாதம் இதுதான். போன் திரையின் அடியில் விரலை வைத்து மேலே தள்ளிப் பிடித்தால், நாம் திறந்து வைத்திருக்கிற செயலிகள் எல்லாம் சின்னச் சின்ன அட்டைகளாக வந்து நிற்கும் அல்லவா? முன்பு அவை பக்கத்தில் பக்கத்தில் நின்றன, பள்ளிவாசலில் தொழுகைக்கு நிற்கிற வரிசை மாதிரி. ஒருநாள் போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் அட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. முன்னால் இருப்பது மட்டும் முழுசாகத் தெரிகிறது. மற்றவை விளிம்பை மட்டும் காட்டுகின்றன. அலுமாரியில் மடித்து அடுக்கிய சாரன்களேதான். அடியில் உள்ளதை இழுத்தால் அத்தனையும் சரியும். (இதைக் கண்டுபிடித்தவன் வாழ்க்கையில் சாரன் மடித்திருக்க மாட்டான் என்று அப்போதே சொன்னேன்.)

கலியாணம் முடித்த பிறகு எனக்கு வந்த முதல் நோன்பு மாதம் அது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஒலுவிலில் பிறந்த நான் கல்முனையில் மாமனார் வீட்டில் இருந்தேன். மாமா நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறவர், அதிகம் கதைக்க மாட்டார். சிறுவயதில் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு நோன்பைக்கூட விட்டதில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. வெள்ளாமை வெட்டுகிற வெயிலிலும் விட்டதில்லை. அந்த மனிதரிடம் நல்ல பெயர் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. என் மனைவி பர்ஹானாவின் தம்பி ரிஸ்வான், "மச்சான் போன் வேலையில புலி" என்று வீட்டில் பரப்பியும் வைத்திருந்தான். (பரப்பியது நான்தான். அவன் மறுக்கவில்லை, அவ்வளவே.)

ஆகவே அன்று நோன்பு திறப்பதற்கு முன்னால் எல்லோரும் குர்ஆன் ஓதல் கேட்கட்டும் என்று என் போனை ஸ்பீக்கரோடு இணைத்து, பள்ளியைப் பார்த்த ஜன்னலில் ஸ்பீக்கரை வைத்தேன்.

"மாஷா அல்லாஹ், நல்ல துலக்கமாக் கேக்குது மருமகன்" என்றார் மாமா.

அந்த ஒரு வசனத்திலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

நேரம் நெருங்கியதும் அல்லாஹ்விடம் துஆக் கேட்பதற்காக ஓதலை நிறுத்தினேன். ஸ்பீக்கரை நிறுத்தவில்லை. பாயில் கஞ்சி, சமோசா, சர்பத். எல்லோர் கையிலும் ஈத்தம்பழம், எல்லோர் காதும் ஜன்னல் பக்கம். பள்ளியிலிருந்து தொழுகைக்கு அழைக்கிற பாங்கு வந்தால்தான் பழம் வாய்க்குப் போகும். அந்த அமைதியில்தான் ரிஸ்வான் என் காதில் குசுகுசுத்தான்.

"மச்சான், என்ன சொன்னாலும் புது அடுக்குத்தான் நல்லம். ஒத்தக் கையால எல்லாம் எடுக்க ஏலும்."

"என்னத்தடா எடுக்க ஏலும்? விளிம்பப் பாத்து எது எதுண்டு சொல்லு பாப்பம்."

"பழகினாச் சரி மச்சான். உங்களுக்கு வயசு போயித்து."

"நோம்பு தொறக்கிற நேரத்துலயும் போனா? ரெண்டு பேரும் துஆக் கேளுங்களன்" என்றார் மாமி.

கேட்டிருக்கலாம். ஆனால் வயசு போயிற்று என்று சொன்னவனைச் சும்மா விடுவதா? "இஞ்ச பாரு, கணக்குப் போடுற செயலிய எடுக்கப் போறன், எப்பிடிப் பிழைக்குதுண்டு பாரு" என்று அடுக்கைத் தள்ளி ஒரு விளிம்பைத் தொட்டேன்.

பிழைத்துத்தான் போனது; வேறொன்று திறந்துகொண்டது. அன்று பகல் கூட்டாளி ஒருவன் அனுப்பிய பாங்கு வீடியோ ஒன்றைத் திறந்தவுடனேயே நிறுத்தி வைத்திருந்தேன். அது அந்த அடுக்குக்குள் கிடந்திருக்கிறது.

"அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்!" என்று ஜன்னலிலிருந்து வீடு அதிரப் பாங்கு எழுந்தது.

மாமா பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தை வாயில் போட்டார். மாமா போட்டால் வீடே போடும். பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ரிஸ்வானும் போட்டுவிட்டான். (விவாதம் வேறு, பசி வேறு.)

நான் வீடியோவைத் தேடினேன். விளிம்புகள் எல்லாம் ஒரே மாதிரி. வங்கிச் செயலியைத் தூக்கி எறிந்தேன், மழை பார்க்கிற செயலியை எறிந்தேன், கணக்குச் செயலி அப்போதுதான் தரிசனம் தந்தது, அதையும் எறிந்தேன். கடைசியில் வீடியோ அகப்பட்டது. பாங்கு பாதி வசனத்தில் அறுந்தது.

வீடு நிமிர்ந்து பார்த்தது.

"பள்ளியில கரண்ட் போயித்து போல" என்றார் மாமி.

"ஓம், போயிருக்கும்" என்றபடி மாமா கஞ்சியைக் கலக்கினார்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. (தாகமும் ஒரு காரணம்.) மாமா இரண்டாவது சமோசாவைக் கடிக்கும்போது உண்மையான பாங்கு வந்தது. முதலில் எங்கள் பள்ளி. பிறகு அடுத்த பள்ளி. அதற்கடுத்த பள்ளி.

"கரண்ட் வந்தித்து" என்றான் ரிஸ்வான், விசுவாசத்தோடு.

மாமா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஜன்னலில் நீல வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த முழு ஈத்தம்பழத்தைப் பார்த்தார். கடித்த சமோசாவை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"நீங்க மட்டும் ஏன் மருமகன் தொறக்கல்ல?"

இந்தக் கேள்விக்கு எத்தனையோ நல்ல பதில்கள் இருந்திருக்கும். நான் சொன்னது இது: "மாமா... அந்தப் புது டிசைன் சரியில்ல."

பர்ஹானா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று இதுவரை சொல்லவில்லை.

மாமா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி, இனி என்ன செய்ற? பெருநாள் முடியக் கழாச் செய்வம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொழப் போனார். எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. ஒரு ஆயுளின் கணக்கில் முதல் ஓட்டை விழுந்திருக்கிறது, போட்டது நான். அதிலும் கொடுமை, அந்த வீட்டில் அன்று பழுதில்லாமல் நிறைவேறிய ஒரே நோன்பு என்னுடையது. பெருநாள் முடிந்து, நேரத்துக்கு முன் முறிந்த அந்த நோன்புக்குப் பதிலாக அவர்கள் கழா நோன்பு பிடித்த அன்று நானும் சேர்ந்து பிடித்தேன். யாரும் கேட்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்த வருஷ நோன்பில்தான் எனக்கு நீதி கிடைத்தது. போன் மறுபடி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது; விரும்பினால் பழைய மாதிரியே அட்டைகளை வரிசையாக நிறுத்தலாம் என்று வந்திருந்தது. எத்தனை பேர் திட்டியிருந்தால் கொம்பனிக்காரன் இறங்கி வந்திருப்பான்! நோன்பு திறக்க எல்லோரும் அமர்ந்திருந்த பாயிலேயே அறிவித்தேன்.

"பாத்தீங்களா? பழையபடி மாத்தித் தந்திட்டான்! நான் சொன்னதுதான் சரி!"

மாமா தலையை நிமிர்த்தவில்லை. ஈத்தம்பழத்தின் கொட்டையை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"நல்லம் மருமகன். அப்ப என்ட நோம்பையும் பழையபடி மாத்தித் தரச் சொல்லுங்க."

வீடு சிரித்து முடிவதற்குள் பாங்கு கேட்டது. ஒருவரும் பழத்தை வாயில் வைக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் வெறும் கைகள் இரண்டையும் உயர்த்திக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் மாமா பிஸ்மில்லாஹ் சொன்னார். இன்றுவரை எங்கள் வீட்டில் நோன்பு திறப்பது இப்படித்தான்: முதலில் பாங்கு, அடுத்தது என் கைகள், அதற்குப் பிறகு ஈத்தம்பழம்.