அசகாய சூரர் துறையில் ஓர் ஒற்றன்

களைப்பு, பசி, தூக்கம் ஆகிய மூன்றையும் அறியாத போர்வீரனை உருவாக்கி நாட்டுக்கு அர்ப்பணிப்பதே எங்கள் அசகாய சூரர் உற்பத்தித் துறையின் தலையாய நோக்கம். அதன் துணை இயக்குநர் அடியேன். ஆபீஸ் முதல் மாடியில் இருக்கிறது. நான் படியேறி வந்து, நாற்காலியில் சாய்ந்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் டீ ஆறிப்போய்விடும்.

இத்தனை வருஷத்தில் எங்கள் சாதனை என்று பார்த்தால் ஓர் எலி. எங்கள் மருந்தைக் குடித்துவிட்டு ஒரு வாரம் பகலெல்லாம் தூங்காமல் இருந்தது. இயக்குநர் ஆனந்தக் கண்ணீரே வடித்தார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் நான் மதியத் தூக்கம் போடுகிறேன். என் குறட்டையில் பாவம் அதற்குக் கண் மூட முடியவில்லை.

இந்த லட்சணத்தில் எங்கள் ரகசியத்தைத் திருட இரண்டு நாடுகள் போட்டி போட்டன. பரிசோதனைக் கூடத்துக்குப் பூட்டு கிடையாது. சாவி தொலைந்ததும் பூட்டை உடைத்தோம். புதுப் பூட்டு இன்னும் வந்தபாடில்லை. "கதவையே பூட்டாம விட்டிருக்காங்கன்னா, ரகசியத்தை எவ்வளவு ஆழத்துல புதைச்சிருப்பாங்க!" என்று அந்த நாடுகள் மலைத்துப்போயினவாம்.

அந்தச் சமயத்தில்தான், வருஷ ஆரம்பத்தில், புது பியூன் வந்து சேர்ந்தான். மறுநாளே டைப்பிஸ்ட் அம்மா என் காதைக் கடித்தார்.

"சார், அவன் ஒற்றன்."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"ஒன்பது மணிக்கு டாண்ணு வந்தான் சார். வந்ததும் வேலையை ஆரம்பிச்சுட்டான். நம்ம ஆளா இருந்தா செய்வானா?"

மறுக்க முடியாத ஆதாரம். போதாக்குறைக்கு, நாலு பேர் சேர்ந்து நகர்த்தும் இரும்பு பீரோவை ஒற்றை ஆளாகத் தூக்கி, அடியில் பெருக்கினான். மதியம் நாங்கள் எல்லோரும் கண்ணயர்ந்தபோது அவன் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தான். சந்தேகமே இல்லை. எதிரி நாடு அசகாய சூரனைச் செய்தே முடித்துவிட்டது! நாங்கள் அதைவிடப் பெரிதாக ஏதோ செய்கிறோம் என்று பயந்து, எங்களை வேவு பார்க்க அந்தச் சூரனையே அனுப்பியிருக்கிறது.

"போலீசுக்குச் சொல்லிடலாமா சார்?" என்று இயக்குநரைக் கேட்டேன்.

பதறிவிட்டார். "உமக்கென்ன பைத்தியமா? வேலை செய்யற ஒரே ஆளையும் பிடிச்சுக் குடுத்துட்டா, ஆபீஸை யாரு ஓட்டுறது?"

இப்படி நிம்மதியாக இருந்தவர்கள் தலையில் இடி விழுந்தது. வருஷக் கடைசியில் மந்திரி வருகிறார். ஒரு சூரனையாவது காட்டாவிட்டால் துறைக்கு மூடுவிழா. துறை போனால் என் குவார்ட்டர்ஸ் வீடும் போகும். வீட்டில் சொன்னேன்.

"வீட்டைக் காலி பண்ணச் சொன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள் மனைவி. "நீங்க எலிக்கூண்டுலயே இருந்துக்கோங்க."

மறுநாள் இயக்குநரிடம் போய்ப் புலம்பினேன். அவர்தான் வழி கண்டுபிடித்தார். "எதுக்குய்யா கவலை? அந்த ஒற்றனையே நம்ம தயாரிப்புன்னு காட்டிடுவோம்!"

அதிலிருந்து அவனைத் தாங்கு தாங்கென்று தாங்கினோம். அவனும் ரகசியத்தைத் தேடாத இடமில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் என்னிடமே கேட்டுவிட்டான்.

"சார், மறைக்காம சொல்லுங்க. எங்கதான் வெச்சிருக்கீங்க?"

"எங்களுக்குத் தெரிஞ்சா உன்கிட்ட சொல்லாமலா இருப்போம்? வா, உட்காரு, டீ குடி."

உட்கார்ந்தான். அன்று முதல் தினமும் உட்கார்ந்தான். டைப்பிஸ்ட் அம்மா சொல்லும் ஊர்க்கதைகளுக்கு 'உம்' கொட்டினான். நாங்களும் சந்தோஷமாகப் பேசினோம்.

வருஷக் கடைசியும் வந்தது. மந்திரி பத்து மணிக்கே வந்து இறங்கிவிட்டார். சூரனைக் காணோம்! பதினோரு மணிக்கு, கொட்டாவி விட்டபடி வந்து சேர்ந்தான்.

"இவர்தான் எங்கள் தயாரிப்பு," என்று இயக்குநர் அறிமுகம் செய்தார். "தம்பி, அந்த பீரோவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுப்பா."

"அது என் வேலையில்ல சார். அதுக்கு வேற செக்‌ஷன் இருக்கு. எனக்கு இடுப்பு வேற வலிக்குது."

மந்திரியின் முகம் சிவந்தது. என் வீட்டுச் சட்டி பானையெல்லாம் வண்டியில் ஏறுவது என் கண்ணுக்குத் தெரிந்தது. பயத்தில் உண்மையைக் கொட்டிவிட்டேன்.

"ஐயா, மன்னிக்கணும். இவர் எதிரி நாட்டு அசகாய சூரர். வருஷ ஆரம்பத்துல வரும்போது நல்லாத்தான் இருந்தார். எங்களோட உட்கார்ந்து உட்கார்ந்து இப்படி ஆயிட்டார்."

"ஒரே வருஷத்துலயா?"

"ஆமாங்க ஐயா."

"ஒரு தோட்டாகூட செலவில்லாம?"

"டீ செலவு மட்டும்தான் ஐயா."

மந்திரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதுய்யா ஆயுதம்!" துறைக்கு நிதி இரட்டிப்பாயிற்று. வேவு பார்க்க வரும் எந்த நாட்டவரையும் தடுக்கலாகாது, உடனே வேலையில் அமர்த்த வேண்டும் என்று மேலான உத்தரவும் வந்தது. அடுத்த வாரமே இன்னொரு நாட்டுச் சூரன் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். எங்கள் பியூனே அவனைக் கைப்பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தான்.

வீடு தப்பியது. தலைகால் புரியாமல் ஓடிப்போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணத்தப்போ நீங்க எப்படி இருந்தீங்க! உலகத்துக்கே மருந்து கண்டுபிடிக்கப்போறேன்னு சோறு தண்ணி இல்லாம படிச்சுட்டிருந்தீங்க. அதைப் பார்த்துத்தானே எங்கப்பா பொண்ணு குடுத்தார். அந்த மனுஷன் எங்கேங்க போனார்?"

எனக்குச் சுருக்கென்றது. சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. எதிரி நாட்டுக்காரனாவது ஒரு வருஷம் தாக்குப்பிடித்தான். நான் முதல் மாதச் சம்பளத்தோடு சரி.