அனைவருக்கும் முழு அனுமதி

'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் இரு சொற்கள் ஏழாம் முறையாகத் திரையில் தோன்றியபோது, ஹரிகிருஷ்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான்.

ராஜபாளையத்து அச்சகத்தில் கணினிப் பொறுப்பு அவனுடையது. கல்யாணப் பத்திரிகையை வாடிக்கையாளர் கைபேசியிலேயே திருத்திக்கொள்ளும் இணையப் பக்கத்தை அமைத்தவனும் அவனே. பத்திரிகைகள் யாவும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளையின் கணினியில், ஒரு பொது ஃபோல்டரில் இருந்தன. நேற்று வரை அது மறுப்பேதும் சொல்லவில்லை. இன்றோ, படிக்க விட்டது, எழுத விடவில்லை.

எதிரே மணமகளின் தாய்மாமன் தவசிமுத்து, பட்டாளத்து விறைப்பு குறையாமல் அமர்ந்திருந்தார்.

"ஒத்த வார்த்தைதானலே! எம் பேருக்கு முன்னால சுபேதார்னு போடணும். அதுக்கு எம்புட்டு நேரம்?"

"செத்த நேரம் பொறுங்கய்யா. சர்வர்ல சின்னக் கோளாறு."

"நாலு மணிக்கு மெஷின்ல ஏறணும். ஆறு மணிக்கு ஆண்டாள் சன்னதியில பத்திரிகைய வைக்கணும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள்தான் கெடக்கு. தெரியும்ல?"

தெரிந்ததனால்தான் அவன் எட்டாம் முறையும் முயன்றான்.

கைபேசி அதிர்ந்தது. கிளையிலிருந்து ஷெரின். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடமா தன் கோளாற்றை ஒப்புக்கொள்வது? அழைப்பைத் துண்டித்தான்.

தலைமைப் பாஸ்வேர்டைக் கொண்டு கிளைக் கணினிக்குள் நுழைந்தான். பொது ஃபோல்டருக்கு எழுதும் அனுமதி வழங்கினான். வாசற்கதவு திறந்தது, உள்ளறையான பத்திரிகைக்கோ தனிப்பூட்டு இருந்தது. அதில் தன் பெயரைச் சேர்த்தான். இணையப் பக்கம் அவன் பெயரில் சென்று கதவைத் தட்டுவதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேறு எந்தப் பெயரில்? அமைத்தவனுக்கே மறந்துவிட்டது.

மணி இரண்டு ஐம்பது. மீண்டும் ஷெரின். மீண்டும் துண்டித்தான்.

இறுதியில், விவரமறிந்த எவரும் செய்யத் துணியாததைச் செய்தான்: அனைவருக்கும் முழு அனுமதி.

'சுபேதார்' ஏறி அமர்ந்தது. "அப்படிப் போடுலே!" என்று மகிழ்ந்த தவசிமுத்து, அக்கணமே இரு வீட்டாரும் இருந்த கல்யாண வாட்ஸ்அப் குழுவில் செய்தி விடுத்தார்: "பக்கம் தொறந்தாச்சு. அவங்கவங்க பேரப் பாத்துக்கோங்க."

பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை. 'நல்வரவை விரும்பும்' இருபத்திரண்டு பேர் நாற்பத்தொன்றாயினர், பிறகு அறுபத்தெட்டாயினர். ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் சுபேதாரின் தலைமேல் ஏறினார். சுபேதார் அவரைக் கீழே தள்ளினார். இந்த நெரிசலில் மணமகனின் சித்தப்பா பால்ச்சாமியின் பெயர் மெல்ல மெல்லச் சரிந்து, பத்திரிகையை விட்டே வெளியேறியது.

பதறிய ஹரிகிருஷ்ணன் அனைவருக்கும் தடை விதித்தான். அவனும் அதில் அடக்கம் என்பதைத் திரை உடனே தெரிவித்தது. இனி எவராலும் எதையும் மாற்ற இயலாது. பத்திரிகை அப்படியே உறைந்து நின்றது, பால்ச்சாமி இல்லாமல்.

மூன்றரைக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நூற்பாலை மேஸ்திரி பால்ச்சாமி, கைபேசியை நீட்டியபடியே உள்ளே வந்தார்.

"எம் பேர எவம்லே தூக்குனது?"

"நான் தூக்கல. சிஸ்டம் தூக்கிருச்சு" என்றார் தவசிமுத்து, கூரையைப் பார்த்தபடி.

"சுபேதார்னு போடத் தெரிஞ்ச சிஸ்டத்துக்கு எம் பேரு மட்டும் கசக்குதோ?"

"என்ன இருந்தாலும் தாய்மாமனுக்குப் பொறவுதான்யா மத்தவுக."

"அப்பிடியா சங்கதி? உம்ம மருமகள அந்தச் சிஸ்டத்துக்கே கட்டிக் குடும்! எங்க பய தாலி கட்ட மாட்டான்!"

"ஐயா, தப்பு என் மேலதான். கல்யாணத்த நிப்பாட்டிராதீக!" என்று இருவருக்கும் நடுவே புகுந்து கைகூப்பினான் ஹரிகிருஷ்ணன். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அப்போது, பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்த மூச்சிரைப்போடு ஷெரின் படியேறினாள்.

"பதினோரு தடவ போன் அடிச்சிட்டேண்ணே! ஏன் எடுக்கல?"

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவன் சொன்னான்: "ஷெரின், காலையிலருந்து அந்த ஃபோல்டர்ல கோளாறும்மா. நீதான் சரி பண்ணணும்."

அவள் திரையைப் பார்த்தாள். சட்டையைப் பிடிக்க நின்ற இரு பெரியவர்களையும் பார்த்தாள்.

"கோளாறா? பத்திரிக இந்த ரெண்டு பேரு கையில மட்டும் கெடைச்சிரக் கூடாதுன்னு, பொண்ணும் மாப்பிள்ளையும் காலையிலயே ஜோடியா கிளைக்கு வந்து பூட்டச் சொல்லிட்டுப் போனாகண்ணே!"